செவலையோடு நடந்து பார்த்த செடிகள்

அடிபட்டுக் கிடந்த ஒரு தெருநாயை எடுத்து வந்து மூன்று மாதமாக வளர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தாம்பரம் தாண்டிப் புறநகரில் வீடு. காலை நடையில் பெயர் தெரியாத செடிகள் கண்ணில் படுகின்றன, நின்று பார்க்க ஆசை. ஆனால் நாய் இழுக்கிறது, இல்லாவிட்டால் ஒரே மதில் ஓரத்தில் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது. "இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா? நாய்க்கு ஆகாத செடிகள் எவை? பார்த்த செடிக்குப் பெயர் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்தாசை என்பதுதான் என் ஒன்பது வருட அனுபவம். நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவன். மதுராந்தகத்துக்கு மேற்கே, ஏரியும் கரட்டு மலையும் வேலிகாத்தான் புதரும் கலந்த ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறேன். செவலை என்ற எங்கள் நாய் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பதினைந்து வருடம் அதே ஏரிக்கரையில் தனியாக நடந்திருக்கிறேன். அந்தப் பதினைந்து வருடத்தில் பார்க்காத செடிகளை அவளோடு நடந்த முதல் இரண்டு வருடத்தில் பார்த்தேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செவலை ஒரு ஐப்பசி மழையில் கிடைத்தாள். கலங்கலுக்குப் பக்கத்தில் வண்டி அடித்துப் பின்னங்கால் எலும்பு முறிந்து, மதகுக்குள் ஒதுங்கிக் கிடந்தாள். பல்லைப் பார்த்து ஒரு வயசு இருக்கும் என்றார் மருத்துவர். காலுக்குக் கட்டுப் போட்டு, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவள் வெளியே வரவே இல்லை. தயிர்சோறு வைத்தால் நாங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் தட்டில் வாய் வைப்பாள். என் மனைவி விளக்குமாற்றை எடுத்தாலே உடம்பு சுருண்டுவிடும். யாரோ அடித்திருக்கிறார்கள். நான் பக்கத்தில் போய், "வாம்மா, வா" என்று கை நீட்டும்போதெல்லாம் அவள் இன்னும் பின்னால் போனாள்.

பத்தொன்பதாம் நாள். மழை விட்டிருந்தது. தென்னை மரத்தடியில், பாசி பிடித்த ஈர மண்ணில், விரல் உயரத்துக்கு ஏதோ முளைத்திருந்தது. ஒரே ஒரு இலை, அதன் நடுவிலிருந்து பச்சைக் குச்சி போல ஒரு தண்டு, தண்டின் நுனியில் இரண்டு வரிசையாக மணி கோத்த மாதிரி சிறு உருண்டைகள். ஓஃபியோகிளாசம் என்ற பெரணி. 'பாம்பு நாக்கு' என்று பொருள் வரும்படி வைத்த கிரேக்கப் பெயர். பாடத்தில் பலமுறை நடத்தியிருக்கிறேன், என் கொல்லையிலேயே இருந்தது தெரியாது. லென்ஸை எடுத்துவந்து ஈர மண்ணில் குப்புறப் படுத்து அந்த மணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ, முழங்கையில் ஜில்லென்று ஏதோ பட்டது. செவலையின் மூக்கு. நான் திரும்பவில்லை, மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். அவள் என் கையை மோந்தாள், லென்ஸை மோந்தாள், அப்புறம் நான் பார்த்துக்கொண்டிருந்த செடியை மோந்தாள்.

பயந்த நாய்க்கு, நேருக்கு நேர் பார்க்கிற கண்ணும் மேலிருந்து குனிகிற உடம்பும்தான் பெரிய மிரட்டல். என் கவனம் வேறொன்றில் இருந்தது, உடம்பு தரையோடு இருந்தது. அதனால் அவளே வந்தாள். உங்கள் நாய் இன்னும் முழுசாக ஒட்டவில்லை என்றால் இதைச் செய்து பாருங்கள். அது இருக்கிற இடத்திலிருந்து நாலடி தள்ளி, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, ஏதாவது ஒரு செடியைப் பார்த்துக்கொண்டிருங்கள். நாயைக் கூப்பிட வேண்டாம்.

அந்தப் பெரணியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் வியப்பு அடங்காத விஷயம். மனிதச் செல்லில் 46 குரோமோசோம், நாய்க்கு 78. விரல் உயரமுள்ள இந்தப் பெரணி இனத்தில் ஒன்றுக்கு 1,200-க்கும் மேல். உயிரினங்களிலேயே மிக அதிக எண்ணிக்கை என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். அன்று காலை 46-ம் 78-ம் சேர்ந்து அந்த ஆயிரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, நடைக்கு வருவோம். நாய் நிற்கிறது, இழுக்கிறது என்று சொன்னீர்கள். நாம் நடப்பது கண்ணால், அதுவும் ஐந்தடி உயரத்திலிருந்து. நாய் நடப்பது மூக்கால், முழங்கால் உயரத்துக்கும் கீழே. அதற்கு மோந்து பார்ப்பதுதான் நடை. பத்து நிமிஷம் நிதானமாக மோந்த நாய், அரை மணி நேரம் இழுத்துக்கொண்டு ஓடிய நாயைவிட அமைதியாக வீடு திரும்பும். செவலையிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆகவே அது நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். நின்றால் உட்காருங்கள். வழக்கமாக நீங்கள் நிற்காத இடத்தில் அது நிறுத்துகிறது. நீங்கள் ஒருபோதும் குனிந்து பார்க்காத ஒரு சதுர அடி மண் அது.

செவலை எனக்குக் காட்டியதில் பெரியது காட்டுக்கருணை. சித்திரை கடைசியில் ஒரு கோடை மழை பெய்திருந்தது. மறுநாள் விடியற்காலையில் ஏரிக்கரைக்குக் கீழே காரைச்செடியும் சூரைமுள்ளும் அடர்ந்த புதர்ப் பக்கம் அவள் கயிற்றை இழுத்தாள். அழுகின மாமிச நாற்றம் எனக்கே அடித்தது. ஆடு ஏதோ செத்துக் கிடக்கிறது, வாய் வைத்துவிடப் போகிறாள் என்று இழுத்துப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இலை இல்லை, தண்டு இல்லை, வெறும் மண்ணிலிருந்து நேராக ஒரு பூ. கத்தரிப்பூ நிறத்தில் மடிப்பு மடிப்பாக விரிந்த மடல், நடுவில் மூளையைப் போலச் சுருக்கம் விழுந்த கருஞ்சிவப்புக் குமிழ். பிணவண்டுகளும் ஈக்களும் உள்ளே ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

கருணை இனம் பூக்கிற முறை இது. முதல் மழை பட்டதும் இலைக்கு முன்னால் பூ வரும். பூங்கதிரின் அடியிலுள்ள பெண்பூக்கள் முதலில் தயாராகும். அந்தச் சமயத்தில் கதிர் தானாகச் சூடேறி நாற்றத்தைக் காற்றில் பரப்பும். செத்த பிராணி என்று நம்பி வருகிற வண்டுகள் வேறொரு பூவிலிருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அதற்குப் பிறகுதான் மேலேயுள்ள ஆண்பூக்கள் மகரந்தம் உதிர்க்கும், அப்போது நாற்றம் போய்விடும். மறுநாள் அதே இடத்துக்குப் போனோம், செவலை நின்றுகூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால், அல்லது நாயில்லாமல் போயிருந்தால், அந்தப் புதருக்குள் நான் எட்டிப் பார்த்திருக்கவே மாட்டேன்.

அவளை நான் இழுத்துப் பிடித்தது நல்லதாகப் போயிற்று. கருணையில் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. வீட்டில் கருணைக்கிழங்கைப் புளி ஊற்றி வேகவைப்பது அந்த அரிப்புக்குத்தான். பச்சையாகக் கடித்த நாய்க்கு வாயெல்லாம் எரிந்து, எச்சில் ஒழுகி, நாக்கு வீங்கிவிடும்.

இதே நாற்ற வித்தையைச் சின்ன அளவில் செய்கிற இன்னொன்று கள்ளிமுளையான் சாதி. இலையே இல்லாத நாலு பட்டைத் தண்டு, முள்புதர் நிழலிலும் பாறை இடுக்கிலும் கூட்டமாக நிற்கும். எங்கள் கரட்டில் இருக்கிற பருத்த வகையில் கரும்பழுப்புப் பூக்கள் பந்து போலக் கொத்தாகப் பூக்கும், ஈ மொய்க்கும். மெலிந்த வகையின் தண்டை உளுந்தும் மிளகாயும் புளியும் வைத்துத் துவையல் அரைப்பார்கள், பசியடக்கும் என்று பேர். பூக்காத காலத்தில் காய்ந்த குச்சியோடு குச்சியாகத்தான் தெரியும். செவலை மூக்கை நீட்டி நின்ற இடங்களைக் குறித்து வைத்தே எங்கள் கரட்டில் அது வளரும் இடங்களை அடையாளம் கண்டேன்.

இன்னொரு காட்சி. மார்கழியில் ஏரி நீர் வற்றத் தொடங்கும்போது கரையோரம் ஈர மணல் திட்டு தெரியும். முறிந்து கூடிய பின்னங்கால் குளிரில் வலிக்குமோ என்னவோ, செவலை பாதி வழியில் அந்தத் திட்டில் படுத்துவிட்டாள். கூப்பிட்டாலும் எழவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் தாழ்வாக வந்தபோது மணலில் சிவப்புக் காசுகளை இறைத்த மாதிரி ஏதோ மினுங்கியது. அழுகண்ணி! காசளவுதான் இருக்கிறது, தரையோடு ஒட்டின வட்டமான இலையடுக்கு. ஒவ்வொரு இலையின் விளிம்பிலும் முடிகள், முடி நுனியில் கண்ணீர்த்துளி போல ஒரு சொட்டுப் பசை. பேருக்குக் காரணம் அந்தச் சொட்டுதான். ஒரு சிற்றெறும்பு ஓரத்தில் கால் வைத்ததைப் பார்த்தேன். வெளிவரிசை நீள முடிகள் கண் முன்னாலேயே வளைந்து அதை உள்ளே தள்ளின. பசையால் பூச்சி பிடிக்கிற பல செடிகள் நிமிஷக்கணக்கிலோ மணிக்கணக்கிலோதான் வளையும், இந்த வகை சில விநாடிகளில் வளைத்துவிடும். அந்த மணலில் தழைச்சத்து கிடையாது, அதைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் உரம் கரைந்த வயல் நீர் வந்து சேர்கிற பக்கம் அழுகண்ணி இருக்காது. அங்கே கோரையும் புல்லும் உயரமாக வளர்ந்து இதை மூடிவிடும். உங்கள் பக்கத்திலும் ஏரிகள் இருக்கின்றன. சாக்கடையும் கட்டட மண்ணும் விழாத ஒரு மூலை மிச்சம் இருந்தால், தை பிறந்ததும் வெயில் ஏறுவதற்குள் போய்க் குந்திப் பாருங்கள்.

நாய்க்கு ஆகாத செடிகளைப் பற்றிக் கேட்டீர்கள். இதில் கவனம் வேண்டும், ஆனால் பயந்து நடையை நிறுத்த வேண்டியதில்லை.

முதலில் செங்காந்தள். நம் மாநில மலர். மழைக்காலத்தில் வேலியில் ஏறி, இலை நுனியையே கொக்கியாக்கிப் பற்றிக்கொண்டு, மஞ்சளாக மலர்ந்து சிவப்பாக மாறும். அழகுக்கு நிகரே கிடையாது. ஆனால் செடி முழுவதும் கொல்கிசின் என்ற நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுவதே அந்த வேதிப்பொருளுக்காக விதையை விற்கத்தான். நாய்க்கு ஈர மண்ணைத் தோண்டுகிற பழக்கம் உண்டு, கலப்பை வடிவக் கிழங்கு ஆழமில்லாமல் இருக்கும். ஆகவே செங்காந்தள் நிற்கிற வேலியோரம் தோண்ட விடாதீர்கள். நீங்கள் பூவைப் பாருங்கள், கயிறு கையில் இறுக்கமாக இருக்கட்டும்.

அரளி, மஞ்சள் அரளி இரண்டும் இதயத்தைத் தாக்கும். புறநகரில் சாலை நடுவிலும் வீட்டு வாசலிலும் இவைதான் அதிகம், வெட்டிப் போட்ட அரளிக் குச்சியை நாய் விளையாட்டாகக் கவ்வும். ஊமத்தை, குன்றிமணி, காட்டாமணக்கு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரும் தொந்தரவு.

பலருக்குத் தெரியாத ஒன்று ஆமணக்குப் பிண்ணாக்கு. மாடித்தோட்டத்துக்கும் தென்னைக்கும் உரமாக வாங்கி வைப்பார்கள். நாய்க்கு அதன் வாசனை தின்பண்ட வாசனை. ஆமணக்கு விதையிலுள்ள ரிசின் என்ற நஞ்சு அதில் மிச்சம் இருந்தால் உயிருக்கே ஆபத்து. பக்கத்து வீட்டில் புதிதாக உரம் போட்டிருக்கிறார்களா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. காட்டுச் செடியைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

எதையாவது தின்றுவிட்டது, வாந்தி, எச்சில் ஒழுகல், தள்ளாட்டம் என்றால் செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டுக்கொண்டு நேராக மருத்துவரிடம் போங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உப்புக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு, அது வேண்டாம். அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும். நாய் சும்மா அருகம்புல்லைக் கடித்துத் துப்புவது வேறு, அதற்குப் பதற வேண்டாம்.

நஞ்சைவிட அடிக்கடி வருகிற தொந்தரவு விதை. தை, மாசியில் புல் காய்ந்ததும் ஊசிப்புல் விதை உதிரும். அதற்கு ஒரு பக்கம் ஊசி முனை, மறுபக்கம் முறுக்கின நீள வால். ஈரம் பட்டால் வால் முறுக்கு அவிழ்ந்து சுழலும், ஊசி மண்ணுக்குள் திருகி இறங்கும். விதை தன்னைத் தானே நட்டுக்கொள்ள அமைந்த ஏற்பாடு அது. அதே ஊசி நாயின் விரலிடுக்கிலோ காதிலோ மாட்டினால் அங்கேயும் உள்ளேதான் போகும், திரும்பி வராது. நடை முடிந்ததும் நாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருந்தாலும், ஒரே காலை நக்கிக்கொண்டே இருந்தாலும், திடீரென்று தொடர்ந்து தும்மினாலும் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒரு தடவை செவலையின் முன்னங்கால் விரலிடுக்கில் புகுந்து சீழ் கட்டி, கீறி எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மாசி மாதம் முழுக்க மண்பாதையை விட்டு இறங்குவதில்லை.

உடம்பில் ஒட்டிக்கொண்டு வருகிற மற்ற விதைகள் சாதுவானவை, எனக்கு அவைதான் இலவசமாகக் கிடைக்கிற மாதிரிகள். நாயுருவி, அடையொட்டி, கொழுக்கட்டைப்புல் என்று ஒவ்வொரு நாளும் அவள் வயிற்று மயிரிலிருந்து சீப்பால் எடுத்து வெள்ளைத் தாளில் போடுவேன். எந்த வாரம் எது காய்த்திருக்கிறது என்று நோட்டுப் போடத் தேவையே இல்லை, நாயே சொல்லிவிடும். நாயுருவிக் கதிரை மேலிருந்து கீழே உருவிப் பாருங்கள், விதை எல்லாம் கீழ்நோக்கி மடங்கி முள் முனையோடு காத்துக்கொண்டிருக்கும். உரசிப் போகிற பிராணியை எதிர்பார்த்து நிற்கிற செடி அது. எங்கள் கொல்லைத் துவைக்கல்லைச் சுற்றி இப்போது நாயுருவி வரிசையாக நிற்கிறது, அவள் உட்கார்ந்து உதறின இடம்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் பூப் பூத்து, தொட்டால் பிசுபிசுக்கிற நாய்வேளையை உங்கள் தெருவிலேயே பார்ப்பீர்கள். கீரையாகச் சமைக்கிற உறவுச்செடிக்கு 'நல்வேளை' என்று பெயர், இதற்கு 'நாய்வேளை'. துளசிக்கு நாய்த்துளசி, புடலுக்குப் பேய்ப்புடல். மனிதனுக்கு நேரடியாக உதவாததை நாய் என்றும் பேய் என்றும் ஒதுக்கி வைத்த பெயர்கள் இவை. நாயோடு சேர்ந்து பார்க்க ஆரம்பித்த பிறகு, அந்த ஒதுக்கின செடிகள் மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம். நாய்வேளைப் பூவில் காலை எட்டு மணிக்குள் எத்தனை தேனீ வருகிறது என்று ஒருநாள் நின்று பாருங்கள்.

உண்ணியை மறந்துவிடாதீர்கள். புதர்ப் பக்கம் போகாத நாய்க்கும் வரும், ஏனென்றால் நம் ஊர் பழுப்பு உண்ணி வீட்டுச் சுவர் வெடிப்பிலேயே ஆயிரக்கணக்கில் முட்டை வைத்துப் பெருகும். அது கொண்டுவருகிற காய்ச்சலில் செவலையை இரண்டாம் வருடம் கிட்டத்தட்ட இழந்திருப்போம். சாப்பாட்டில் அக்கறை குறைந்தது, கோடை அசதி என்று நினைத்தேன். நாலாம் நாள் ஈறு வெளுத்து, அடிவயிற்றில் குண்டூசிக் குத்து மாதிரி சிவப்புப் புள்ளிகள். இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. நாலு வாரம் மாத்திரை கொடுத்துப் பிழைத்தாள். ஆகவே தினமும் நடை முடிந்து திண்ணையில் உட்கார வைத்துக் காது மடிப்பு, அக்குள், விரலிடுக்கு, வால் அடி என்று விரலால் தடவிப் பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈற்றின் நிறத்தையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்.

எங்கே போகக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள் நாயைக் கூட்டிப்போக வேண்டாம். வேடந்தாங்கல் மாதிரிப் பறவைகள் கூடுகிற இடத்துப் பக்கமும் வேண்டாம். நம் நாயின் நோய்கள் நரிக்கும் மரநாய்க்கும் தொற்றும், வாசனை பட்டாலே பல பிராணிகள் இடம் மாறிவிடும். திறந்த தரிசிலும் பங்குனி முதல் ஆடி வரை கயிறு இல்லாமல் விடாதீர்கள். ஆட்காட்டி வெறும் தரையில்தான் முட்டை வைக்கும், கூழாங்கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் வந்த வழியே திரும்புங்கள். மலையடிவாரக் கொல்லைகளில் பன்றிக்கு வைக்கிற மின்வேலியும் வெடிகாயும் இன்னொரு காரணம். கயிறு கட்டினால் நாய்க்குச் சுதந்திரம் போச்சே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எட்டு முழக் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள், அது போதும்.

பாம்பு பயம் நியாயமானது. மழைக்காலத்தில் வரப்பிலும் கல் குவியலிலும் மூக்கை நுழைக்க விடாதீர்கள். மூக்கிலோ முன்னங்காலிலோ திடீரென்று வீக்கம் கண்டால் நேரம் கடத்தக்கூடாது. மனிதர்களுக்குப் போடுகிற அதே பன்முக விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கும் சேர்த்துச் செய்தது. அந்த மருந்துக்கான விஷம் நம் மாவட்டத்தில்தான், வடநெம்மேலியில், இருளர்கள் 1978-ல் தொடங்கின கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படுகிறது. உங்கள் பக்கத்தில் எந்த மருத்துவரிடம் அந்த மருந்து இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் கண்டுபிடிப்பது. செடியைப் பறிக்காதீர்கள், முக்கியமாகக் கிழங்கைத் தோண்டாதீர்கள். ஐந்து படம் எடுங்கள்: முழுச் செடி, இலையின் மேல்பக்கம், இலையின் அடிப்பக்கம், பூ முன்னாலிருந்து, பூ பக்கவாட்டில். காய் இருந்தால் அதுவும். இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா, கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் வாசனை என்ன, மண் எப்படி, தேதி என்ன என்று இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் போட்டால் முதல் யூகம் கிடைக்கும். ஆனால் நம் கரட்டுச் செடிகளில் அது குடும்பத்தைச் சரியாகச் சொல்லி இனத்தைத் தவறவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் அதோடு நிறுத்தாதீர்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தில் அருட்தந்தை கே. எம். மேத்யூ தொகுத்த தமிழகத் தாவர நூல்கள் இன்றும் எனக்குக் கடைசித் தீர்ப்பு. உலர்ந்த மாதிரிகளையே பார்க்க வேண்டுமானால் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள். எங்கள் ஏரிக்கரையில் ஒரு ஆயா இருந்தார். முதல் நாள், "நாய புடிச்சுக்கோப்பா, ஆடு மிரளுது" என்று சத்தம் போட்டவர். ஆறு மாதத்தில் செவலைக்குக் கஞ்சித் தூக்கிலிருந்து ஒரு உருண்டை எடுத்து வைக்கிற அளவுக்குப் பழகிவிட்டார். தரையில் படர்ந்த சாம்பல் பச்சைக் கொடியில் கரும்பழுப்புக் குழல் பூ ஒன்றைக் காட்டி என்னவென்று கேட்டேன். "இது தெரியாதா சார் உனக்கு? ஆடுதீண்டாப்பாளை. எந்த ஆடாவது வாய வைக்குதா பாரு" என்றார். பெயரிலேயே முழுப் பாடமும் இருக்கிறது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நாட்டு மருந்தென்று யாரும் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஆனால் சிவப்பு உடம்பும் கறுப்பு இறக்கையுமாகப் பறக்கிற ரோஜா வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு அதுதான் சாப்பாடு. அந்த நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொண்டு அவை பறவைகளிடமிருந்து தப்பிக்கின்றன.

அபூர்வமான செடி கிடைத்தால் இடத்தை ஊருக்குச் சொல்லாதீர்கள். செரோபீஜியா என்று ஒரு கொடி, பூ சின்ன விளக்குக் கூண்டு மாதிரி. உள்ளே இறங்கின ஈயைக் கீழ்நோக்கின முடிகள் வெளியே விடாது. முடி வாடின பிறகு மகரந்தத்தோடு அனுப்பிவைக்கும். இந்த ஒன்பது வருடத்தில் மூன்று கொடிதான் பார்த்தேன். அதில் ஒன்றின் படத்தை இடத்தோடு பகிர்ந்தேன், அடுத்த மழைக்கு அந்த இடத்தில் குழிதான் இருந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

செவலைக்கு இப்போது பத்து வயசு. மூஞ்சி நரைத்துவிட்டது, பழைய முறிவுள்ள கால் கனக்கிறது. முன்பு காலையில் மூன்று கிலோமீட்டர் நடந்தோம், இப்போது தெருமுனைக் களத்துமேடு வரை முந்நூறு மீட்டர், அதற்கு முக்கால் மணி நேரம். ஆனால் அந்த முந்நூறு மீட்டரில் மட்டும் இதுவரை 140 செடிவகை எழுதியிருக்கிறேன், போன மாதம்கூட இரண்டு சேர்ந்தன.

உங்கள் நாய் தினமும் ஒரே மதில் ஓரத்தில் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது என்றீர்களே, நாளைக்கு அங்கே கயிற்றைத் தளர்த்திவிட்டு உட்காருங்கள். பெரும்பாலும் குப்பைமேனி இருக்கும். பூனைகள் அதன் வேரை மோந்து உருளுவதால் அதற்குப் பூனைவணங்கி என்றும் பெயர், பூனை வந்து போன இடத்தை உங்கள் நாய் விடாது. கூடவே மூக்கிரட்டை, கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி இருக்கலாம். கீழாநெல்லியின் சிறுகிளையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் வரிசையாகக் காய் தொங்கும். இந்த நாலும் இல்லாத ஐந்தாவது ஒன்று அங்கே நின்றால், நான் சொன்ன ஐந்து படத்தையும் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நாயின் பெயரையும் எழுதுங்கள், கடிதத்தில் விட்டுப்போயிருக்கிறது.